பின்னால் மிதித்தால் நிற்கும் தாத்தா சைக்கிள்: ஹப்பைப் பிரித்துக் கொட்டிவிட்டேன், இனி என்ன செய்ய?

குடியாத்தம்_பேரன் | ஞாயிறு, காலை 11.20

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

தாத்தாவின் சைக்கிள் ஒன்று எங்கள் தறிக்கூடத்துச் சுவரில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சாய்ந்து கிடந்தது. ராட் பிரேக் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. பின்னால் கட்டையும் இல்லை, கம்பியும் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் வண்டி நிற்கும். வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தாத்தாவிடம் விற்றுவிட்டுப் போனது என்று ஆயா சொல்வார்.

பிரச்சினை இதுதான். காலையில் மிதித்தால் பெடல் மூன்று நாலு சுற்று சும்மா சுற்றும், சக்கரம் நகராது. வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. பிரேக் பிடித்தால் கறிக்கடை ஆடு மாதிரி ஒரு சத்தம், அப்புறம் பொசுக்கென்று இறுகிக்கொள்ளும். ஒரு கடையில் காட்டினேன். பல்சக்கரத்தைக் கழற்ற அரைமணி நேரம் மல்லுக்கட்டினார்கள், முடியவில்லை. “இதைத் தூக்கிப் போட்டுட்டு ஹப்பும் ஃப்ரீவீலும் புதுசாப் போட்டுக்கோ” என்று சொல்லிவிட்டார்கள்.

மனசு கேட்கவில்லை. நேற்று ராத்திரி பின் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, நானே பிரித்தேன். இப்போது தினத்தாள் மேல் ஒரு குவியல் கிடக்கிறது. எது முதலில் வந்தது, எது பிறகு என்று ஞாபகமில்லை. சின்ன உருளைகள் நாலு இருக்கின்றன. நாலுதானா?

வைகாசி முதல் தேதி சிரசுத் திருவிழா. அன்றைக்கு இதில்தான் கெங்கையம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஆயாவிடம் வாய்விட்டுவிட்டேன்.

---

லாங்பஜார்_ஸ்பேனர் | ஞாயிறு, காலை 11.34

தம்பி, முதலில் அந்தத் தினத்தாளை யாரும் மடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அது நடந்திருக்கிறது.

ஹப் உடம்பின் மேல் என்ன எழுத்து இருக்கிறது? எத்தனை போக்ஸ் கம்பி? கடைக்காரர் பல்சக்கரத்தை எந்தப் பக்கம் திருகினார்? பூட்டு வளையம் ஒன்று இருந்திருக்குமே, அது உடைந்ததா, வழுக்கியதா?

---

குடியாத்தம்_பேரன் | ஞாயிறு, பகல் 12.05

எழுத்து ‘டார்பிடோ’. பக்கத்தில் 53 என்று ஒரு எண். நடுவில் எண்ணெய் விடும் ஓட்டை, அதை மூட ஒரு சின்ன கிளிப். கம்பி 36. வளையம் உடையவில்லை, ஆனால் உளி வைத்துத் தட்டிய தழும்பு நாலைந்து இருக்கிறது. வழக்கம்போல இடப்பக்கமாகத்தான் திருகினார்.

---

பாலாற்று_மணல் | ஞாயிறு, பகல் 2.48

தம்பிக்கு வணக்கம். ரிட்டயர்ட் ஃபிட்டர் நான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பது ஜெர்மன் சரக்கு. ஷ்வைன்ஃபுர்ட் என்ற ஊரில் 1895-இல் எர்ன்ஸ்ட் சாக்ஸும் கார்ல் ஃபிக்டலும் கூட்டாகத் தொடங்கிய ஃபிக்டல் அண்டு சாக்ஸ் கம்பெனி செய்தது. டார்பிடோ ஹப் 1903-இல் பிறந்தது. அந்த ஊரே பேரிங் குண்டுக்குப் பேர் போனது. இரும்புக் குண்டை ஒரே அளவாகத் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தை ஃப்ரீட்ரிக் ஃபிஷர் 1883-இல் அங்கேதான் செய்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்கள் தேடிப்போய் அந்த ஊரை அடித்ததும் பேரிங் தொழிற்சாலைகளுக்காகத்தான். 53 என்பது செய்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம், அதாவது 1953.

இப்போது உங்கள் கேள்வி. உருளை நாலு இல்லை, ஐந்து. ஒன்று பீரோவுக்கு அடியில் இருக்கும், தேடுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். பல்சக்கரம் உட்கார்ந்திருக்கும் துண்டுக்கு டிரைவர் என்று பேர். அதன் உடம்பில் ஐந்து சரிவுகள் வெட்டியிருக்கும், ஒவ்வொரு சரிவிலும் ஓர் உருளை. முன்னால் மிதித்தால் உருளைகள் சரிவில் ஏறி வெளிப்பக்கம் பிதுங்கி ஹப் உடம்பை உள்ளிருந்து நெருக்கும். கதவுக்கு அடியில் ஆப்பு வைத்த மாதிரி. ஹப்பும் டிரைவரும் ஒன்றாகிவிடும், வண்டி நகரும். மிதிப்பதை நிறுத்தினால் உருளைகள் சரிவில் இறங்கிவிடும், சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். பின்னால் மிதித்தால் அந்த உருளைகளைச் சுற்றியிருக்கும் வளையத்தின் சாய்ந்த பற்கள், பக்கத்தில் உள்ள பிரேக் கோனை (கூம்பு மாதிரியான துண்டு) இடப்பக்கமாகத் தள்ளும். அந்தக் கோன் ஒரு பிளந்த குழலுக்குள் நுழையும். ஜெர்மன்காரன் அதைச் ‘சட்டை’ என்ற பொருளில்தான் அழைக்கிறான், நாமும் பிரேக் சட்டை என்றே வைத்துக்கொள்வோம். கோன் நுழைய நுழையச் சட்டை விரிந்து ஹப்பின் உள்சுவரைப் பிடிக்கும். சக்கரம் நின்றுவிடும்.

சட்டை ஏன் ஹப்போடு சேர்ந்து சுற்றுவதில்லை? இடப்பக்கம் ஒரு பட்டைக் கை நீட்டிக்கொண்டிருக்குமே, அது ஃபிரேமின் கீழ்க்குழாயில் கிளிப் போட்டுக் கட்டியிருக்கும். பிரேக்கின் மொத்த விசையையும் தாங்குவது அந்தக் கைதான். இதைப் பிறகு பேசுவோம், மறந்துவிடாதீர்கள்.

கடைக்காரர் சிரமப்பட்ட காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பல்சக்கரம் மரையில் ஏறியிருக்கிறது. பின்னால் மிதிக்கும்போது அது கழன்று வந்துவிடக் கூடாதே, அதற்காக மேலே ஒரு இடமரை வளையம் பூட்டியிருப்பார்கள். இடமரையை இடப்பக்கம் திருகினால் இறுகத்தானே செய்யும்? உள்பாகம் வெளியே வரப் பல்சக்கரத்தைக் கழற்றவே தேவையில்லை. இடப்பக்கக் கையும் சட்டையும் அந்தப் பக்கமாக வரும், டிரைவர் பல்சக்கரத்தோடு மறுபக்கமாக வரும்.

---

பாகாயம்_டைனமோ | ஞாயிறு, மாலை 4.10

> காலையில் சும்மா சுற்றும், வெயில் ஏறிய பிறகு பரவாயில்லை

இந்த ஒரு வரியிலேயே நோய் தெரிந்துவிட்டது தம்பி. தேய்மானம் என்றால் காலையும் மாலையும் ஒரே மாதிரி வழுக்க வேண்டும். சூட்டில் சரியாகிறது என்றால் உள்ளே ஏதோ கெட்டியாக உறைந்துபோய் உருளைகளைச் சரிவின் அடியிலேயே ஒட்டி வைத்திருக்கிறது. வேலூர் வெயிலில் அது இளகுகிறது. நம்ம ஊர் வெயில் ஒரு நல்லது செய்து இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

உள்ளே என்ன நிறத்தில் இருந்தது?

---

குடியாத்தம்_பேரன் | ஞாயிறு, இரவு 8.15

அக்கா, கறுப்பு. கிரீஸ் மாதிரி இல்லை, காய்ந்த கருப்பட்டிப் பாகு மாதிரி. நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக வருகிறது.

ஆயாவிடம் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, “வண்டி மை டா. உங்க தாத்தா எல்லாத்துக்கும் அதைத்தான் வெப்பாரு” என்றார். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்து வைப்பார்களாம். மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கும் அதே சரக்கு.

ஐந்தாவது உருளை கிடைத்துவிட்டது. பீரோவுக்கு அடியில் இல்லை, என் செருப்புக்குள் இருந்தது.

---

லாங்பஜார்_ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 8.22

வண்டி மையா! இன்றைக்குத் தூங்கின மாதிரிதான், சிரிப்பு அடங்கவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடை வைத்து நாற்பது வருஷத்தில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் ஹப்புக்குள் பார்த்திருக்கிறாராம். இது புதுசு என்கிறார்.

ஆனால் தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அச்சும் சக்கரக் குடமும் உரசும் இடத்தில் விளக்கெண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். நாள்பட்டால் பிசினாகிவிடும், அதுதான் சங்கடம். மாட்டுவண்டிக்கு வாராவாரம் புது மை வைப்பார்கள், பழசு தானாக வழிந்துவிடும். மூடிய ஹப்பில் அது எங்கே போகும்?

---

மேல்விஷாரம்_தோல்கடை | திங்கள், காலை 6.50

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டீசலில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். மண்ணெண்ணெய் இருந்தால் அதுவே நல்லது, ஆனால் ரேஷனில் இப்போது எங்கே கிடைக்கிறது? பெட்ரோல் மட்டும் வேண்டாம், அதுவும் தறிக்கூடத்தில். நூல் பறக்கிற இடம்.

காலையில் பழைய பல்துலக்கும் பிரஷ், அப்புறம் லுங்கித் துணி. குடியாத்தத்துக்காரரிடம் லுங்கித் துணி இல்லை என்று சொல்ல முடியாதே.

ஒரே ஒரு விஷயம். ஹப் உடம்பைச் சக்கரத்தோடு சேர்த்துச் சாய்த்து வைத்துக் கழுவுங்கள். எண்ணெய் ஓட்டை வழியாகக் குச்சி விட்டு அடைப்பை எடுங்கள். அந்த ஓட்டை அடைந்திருந்தால் எத்தனை எண்ணெய் விட்டாலும் வெளியேதான் வழியும்.

---

குடியாத்தம்_பேரன் | புதன், இரவு 9.40

பாய், சொன்னபடியே செய்தேன். இரண்டு ராத்திரி ஆனது. மூன்றாவது தடவை கழுவிய டீசல்தான் டீசல் நிறத்தில் வந்தது.

இப்போது வெளிச்சத்தில் பார்த்தது:

உருளைகள் ஐந்தும் பளபளப்பு, கீறல் இல்லை. பிரேக் சட்டை மஞ்சளாக இருக்கிறது, வெண்கலம் என்று நினைக்கிறேன். அதன் மேல் வெட்டிய காடிகள் பாதி மறைந்திருந்தன. தேய்ந்துவிட்டது என்று பயந்தேன். குண்டூசியால் சுரண்டியபோது காடிக்குள் இருந்ததும் வண்டி மைதான்! உள்ளே முழு ஆழமும் இருக்கிறது. சட்டையின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பு. வலப்பக்கக் கோனில் குண்டு ஓடும் தடத்தில் மூன்று சின்னக் குழிகள். விரல் நகம் தட்டுகிறது.

கோனைப் பட்டறையில் கொடுத்துக் கடைசல் பிடித்துவிடலாமா? இங்கே தறிக்குப் பாகம் செய்யும் லேத் ஆள் ஒருவர் தெரியும்.

---

பாலாற்று_மணல் | வியாழன், காலை 5.55

கடைசல் வேண்டாம், வேண்டவே வேண்டாம். கோன் முழுக்க ஒரே இரும்பு என்று நினைக்காதீர்கள். மேல்தோல் மட்டும் கரியேற்றிப் பதம் போட்டுக் கெட்டியாக்கியது. தோலுக்குக் கீழே இருப்பது சாதா இரும்பு. லேத்தில் குழி போகிற அளவுக்குச் சீவினால் தோலும் போய்விடும். அப்புறம் குண்டு மெத்தென்ற இரும்பில் ஓடும், ஒரே மாசத்தில் வாய்க்கால் வெட்டிவிடும். எங்கள் ஷாப்பில் புதிதாக வந்த ஒரு பையன் இப்படித்தான் ஒரு பம்ப் ஷாஃப்டை ‘சரி’ செய்தான். அந்த ஷாஃப்ட் ரொம்ப நாள் பேப்பர் வெயிட்டாக இருந்தது.

மூன்று குழி பெரிய விஷயமில்லை. ரேஸா ஓட்டப் போகிறீர்கள்? அப்படியே விடுங்கள். ஆனால் குண்டுகளை மட்டும் மொத்தமாக மாற்றுங்கள். பழசில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, குறைந்ததுக்குப் புதுசு சேர்க்கிற வேலை வேண்டாம். புதுக் குண்டு ஒரு இழை பெரிதாக இருக்கும், பாரம் முழுக்க அதன் தலையில்தான் விழும். குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டை வளைக்காமல் பழைய குண்டைத் தள்ளி எடுத்து, கடையில் ஒன்றைக் காட்டி அதே அளவு வாங்குங்கள். நம்ம ஊர் பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது கால் இஞ்ச் குண்டு போடுகிற பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். டிரைவருக்குள் இருப்பது அந்த அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சட்டையின் கண்ணாடிப் பளபளப்பை எடுக்க நைஸ் எமரித் தாளால் குறுக்கும் நெடுக்குமாக நாலு இழுப்பு போதும். பளபளப்பு மங்கினால் நிறுத்திவிடுங்கள். தேய்ப்பது சுகமாகத்தான் இருக்கும், கை நிற்காது.

---

பாகாயம்_டைனமோ | வியாழன், காலை 8.30

கிரீஸ் விஷயத்தில் எல்லாரும் சண்டை போடுவதற்கு முன் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே இரண்டு வேலை நடக்கிறது, இரண்டுக்கும் ஒரே மருந்து ஆகாது. குண்டுக்கும் சட்டைக்கும் கிரீஸ். உருளைக்கு மெல்லிய எண்ணெய்.

---

லாங்பஜார்_ஸ்பேனர் | வியாழன், காலை 9.05

சட்டைக்கு கிரீஸா? அக்கா, அது பிரேக். பிரேக்கில் கிரீஸ் பட்டால் பிடிக்குமா? நாங்கள் ராட் பிரேக் கட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே சோப்பு போட்டுக் கழுவுகிற ஆட்கள்.

---

பாகாயம்_டைனமோ | வியாழன், காலை 9.31

அது ரப்பர் கட்டை, இது உலோகத்தோடு உலோகம். ரப்பரும் ரிம்மும் வறண்டிருந்தால்தான் பிடிக்கும். வெண்கலமும் இரும்பும் வறண்டு உரசினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். தம்பி சொன்ன ஆட்டுச் சத்தமும் பொசுக்கென்று இறுகியதும் அதனால்தான். மை காய்ந்துபோய்ச் சட்டை வெறும் உடம்போடு உரசியிருக்கிறது. அந்தக் காடிகள் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அழுத்தும்போது கிரீஸ் காடிக்குள் ஒதுங்கும், உலோகம் பிடிக்கும். விட்டவுடன் மறுபடி பரவும்.

கார் சக்கர பேரிங்குக்குப் போடுகிற, சூடு தாங்கும் கிரீஸ் வாங்குங்கள். மெலிதாகத் தடவினால் போதும், பொதிய வேண்டாம். உருளைப் பக்கம் அது போகவே கூடாது. கிரீஸ் கெட்டியானால் உருளை சரிவில் ஏறச் சோம்பல்படும், பழையபடி சும்மா சுற்றும்.

---

லாங்பஜார்_ஸ்பேனர் | வியாழன், காலை 9.50

அப்பாவிடம் கேட்டேன். “அந்தப் பொண்ணு சொல்றது சரி, நீ கம்முனு இரு” என்கிறார். கம்முனு இருக்கிறேன்.

---

மேல்விஷாரம்_தோல்கடை | வியாழன், பகல் 1.15

ரிம் எப்படி இருக்கிறது தம்பி? துருவா?

---

குடியாத்தம்_பேரன் | வியாழன், இரவு 10.02

குரோம் பாதி போய்விட்டது பாய். புது ரிம் வாங்கலாம் என்று கடையில் கேட்டேன். 28 இஞ்சில் பின் ரிம் 40 ஓட்டை, முன் ரிம் 32 ஓட்டை, இந்த இரண்டுதான் இருக்கிறது என்கிறார்கள். என்னுடையது 36. “40 ஓட்டை ரிம்மில் நாலு ஓட்டையை விட்டுவிட்டுக் கோத்துத் தருகிறேன்” என்கிறார். இன்னொருவர் 26 இஞ்சில் 36 ஓட்டை இருக்கிறது, அதைப் போடு என்கிறார்.

---

லாங்பஜார்_ஸ்பேனர் | வியாழன், இரவு 10.20

இது என் பேட்டை, நான் பேசலாம்.

நாலு ஓட்டை விட்டுக் கோப்பது முடியாத காரியமில்லை, அவசரத்துக்குச் செய்திருக்கிறோம். ஆனால் காலியான ஓட்டைக்கு இருபுறமும் உள்ள கம்பிகள் ஒரு பக்கமாக இழுக்கும், கம்பி நீளமும் இடத்துக்கு இடம் மாறும். பெண்டு எடுத்து மாளாது. மாசம் ஒருமுறை எங்களிடம் வர வேண்டும். எங்களுக்கு வியாபாரம், உங்களுக்குத் தலைவலி. 26 இஞ்ச் போட்டால் பின்பக்கம் ஒரு இஞ்ச் இறங்கிவிடும். உட்கார்ந்த கழுதை மாதிரி இருக்கும் வண்டி.

நான் கேட்கிறேன், ரிம்மை ஏன் மாற்ற வேண்டும்? ராட் பிரேக் வண்டியில் கட்டை ரிம்மில் உரசும், துரு இருந்தால் கட்டையைத் தின்றுவிடும். உங்கள் பின் சக்கரத்தில் ரிம்மை எதுவும் தொடுவதே இல்லை! பிரேக் முழுக்க ஹப்புக்குள். ரிம் பலமாக இருந்தால் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. டயரைக் கழற்றி உள்பக்கம் ஒவ்வொரு நிப்பிள் ஓட்டையைச் சுற்றியும் கோணி ஊசியால் அழுத்திப் பாருங்கள். ஊசி இறங்காவிட்டால் ரிம் பிழைத்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, உள்ளே ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து, ரிம் டேப் சுற்றுங்கள். டயர் 28 × 1½ நம்ம ஊர் சாதா டயர்தான், தாராளமாகக் கிடைக்கும்.

---

குடியாத்தம்_பேரன் | சனி, மாலை 5.30

ஊசி எங்கேயும் இறங்கவில்லை! 36 ஓட்டையும் பார்த்துவிட்டேன். ரெட் ஆக்சைடு காய்கிறது.

---

பாலாற்று_மணல் | சனி, மாலை 6.45

நல்லது. இனி பூட்டுவதைப் பார்ப்போம். அவசரப்படாதீர்கள், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

முதலில் டிரைவர் பக்கம். ஐந்து உருளையையும் அதன் வளையத்தில் உட்கார வைத்தால் கவிழ்க்கும்போது கொட்டிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். வளையத்தைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் ஐந்தும் ஒன்றாக வெளியே பிதுங்க வேண்டும், மறுபக்கம் திருப்பினால் ஒன்றாக உள்ளே போக வேண்டும். ஒன்று மட்டும் தாமதித்தாலும் அங்கே இன்னும் மை இருக்கிறது, மறுபடி டீசல்.

அதை வலப்பக்கமாக ஹப்புக்குள் நுழையுங்கள். நேராகத் தள்ளினால் போகாது, உருளைகள் இறங்கிய நிலையில் இருக்க வேண்டும். பெடல் பின்னால் போகிற திசையில் மெல்லத் திருகிக்கொண்டே நுழைத்தால் வழுக்கி உட்காரும். சுத்தியலை எடுத்தால் தப்பு உங்கள் மேல்தான்.

அப்புறம் இடப்பக்கம் பிரேக் கோன், சட்டை, கடைசியாகக் கையோடு சேர்ந்த கோன். சட்டையில் ஒரு வெட்டு இருக்கும், கைக் கோனில் அதற்கேற்ற மேடு. இரண்டும் பொருந்த வேண்டும். பொருந்தாமலே நட்டை இறுக்கினால் இறுகத்தான் செய்யும், ஆனால் சட்டை நசுங்கிவிடும். நட் இறுக்கும்முன் கையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். பல்சக்கரத்தைப் பின்பக்கம் திருப்புங்கள், சக்கரம் நிற்க வேண்டும்.

கோனின் இறுக்கம்தான் கைப்பழக்கம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு ஓர் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். வண்டி உருளும்போது பெடல் தானாக முன்னால் சுற்றினாலும் அதே நோய்தான். செயினில் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் தொய்வு இருக்கட்டும். அதிகம் தொய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது செயின் கழன்றுவிடும். செயின் கழன்றால் இந்த வண்டியில் பின் பிரேக்கே கிடையாது என்பதையும் மனசில் வையுங்கள்.

---

குடியாத்தம்_பேரன் | திங்கள், இரவு 7.55

பூட்டி ஓட்டியும் பார்த்துவிட்டேன். விழுந்தும்விட்டேன்.

பூட்டியதெல்லாம் ஐயா சொன்னபடிதான். முதல் மிதியிலேயே பிடித்தது, சும்மா ஒரு சுற்றுகூட இல்லை. சத்தமே இல்லாத வண்டி. தெருவில் மூன்று சுற்றுப் போய்விட்டு, கௌண்டன்யா ஆற்றுப் பாலம் வரைக்கும் போகலாம் என்று கிளம்பினேன். பாலத்துக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. பின்னால் மிதித்தேன். ‘டங்’ என்று ஒரு சத்தம், பெடல் கால் சுற்று பின்னால் போனது, அப்புறம் சக்கரம் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். மாடு நின்று பார்த்தது.

முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். காரணம் தெரிந்தது: அந்தப் பட்டைக் கையின் கிளிப் பழசு, கடையில் எங்கேயோ தொலைந்துவிட்டது. அதற்குப் பதில் கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றியிருந்தேன். கம்பி அறுந்து கை கீழே சுழன்றுவிட்டது, அதோடு சக்கரமும் பூட்டிக்கொண்டது.

---

பாலாற்று_மணல் | திங்கள், இரவு 8.03

மறந்துவிடாதீர்கள் என்று முதல் நாளே எழுதினேன். கிளிப் இருக்கிறதா என்று கேட்காமல் விட்டது என் தப்பு. மருந்து போட்டுக்கொண்டீர்களா?

ஓடுகிற வண்டியையும் உங்களையும் நிறுத்துகிற விசை முழுக்க அந்த ஒரு கை வழியாகத்தான் ஃபிரேமுக்குப் போகிறது. அதற்குக் கட்டுக்கம்பி எப்படிப் போதும்? பந்தல் கால் கட்டவா போகிறீர்கள்?

---

மேல்விஷாரம்_தோல்கடை | திங்கள், இரவு 8.40

தம்பி, நல்லவேளை மாடு, லாரி இல்லை.

கிளிப் செய்வது பத்து நிமிஷ வேலை. ஒரு விரல் அகலத்துக்கு இரும்புப் பட்டை எடுங்கள், தகரம் வேண்டாம். ஃபிரேம் குழாயில் அதே இடத்தில் வைத்து வளைத்து, இரண்டு முனையும் கையின் ஓட்டையோடு சேருகிற மாதிரி துளை போட்டு, ஒரு போல்ட், ஸ்பிரிங் வாஷர், நட். குழாய்க்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு துண்டுத் தோல் வையுங்கள். பெயின்ட் உரியாது, வழுக்கவும் வழுக்காது. தோல் நான் அனுப்புகிறேன், காசு வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், மேல்விஷாரம் என்று எங்கே திரும்பினாலும் தோல்தான், இதற்கும் ஒரு துண்டு தேறாதா?

பட்டையைப் போட்டு இறுக்கும்போது கை ஃபிரேமோடு இயல்பாக ஒட்டி நிற்க வேண்டும். வளைத்து இழுத்துக் கட்டினால் அச்சு கோணிக்கொள்ளும்.

---

ஏலகிரி_14 | செவ்வாய், காலை 7.20

அருமையான இழை. டார்பிடோ கையில் கிடைத்தால் நான் நேராக ஏலகிரிக்குக் கொண்டுபோய் 14 கொண்டை ஊசி வளைவும் கைப்பிடியைத் தொடாமல் இறங்குவேன்!

---

பாகாயம்_டைனமோ | செவ்வாய், காலை 7.58

இறங்கலாம், ஹப் உங்களோடு இறங்காது.

கணக்கைப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்த்து 90 கிலோ, இறக்கம் 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 530 கிலோஜூல். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதி எல்லாம் சூடு. ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு, ஒரு டீ டம்ளர் அளவு ஹப்புக்குள். கிரீஸ் உருகிப் புகையாகப் போகும், சட்டை வறளும், அப்புறம் ஆட்டுச் சத்தம்.

இதைச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரில், பழைய கோஸ்டர் பிரேக் சைக்கிள்களில், அதாவது இதே மாதிரி பின்னால் மிதித்தால் நிற்கும் வண்டிகளில், மண்பாதை மலையிறக்கம் இறங்கினார்கள். 1976 அக்டோபரில் முதல் பந்தயம். ஒருமுறை இறங்கினால் ஹப் கிரீஸ் எரிந்துவிடும், பிரித்து மறுபடி கிரீஸ் பொதிய வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பேர். மலை சைக்கிள் விளையாட்டே அங்கேதான் சூடுபிடித்தது.

தம்பி, உங்களுக்கு முன் பிரேக் இருக்கிறது, அதைக் கழற்றிவிடாதீர்கள். அழகுக்காக ராடைக் கழற்றச் சொல்லி யாராவது கட்டாயம் வருவார்கள்.

---

லாங்பஜார்_ஸ்பேனர் | செவ்வாய், காலை 9.12

அப்பா ஒரு விஷயம் சொன்னார், எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் சின்ன வயசில் இந்த மாதிரி வண்டி ஒன்று வாடகைக்கு விட வந்ததாம். பையன்கள் யாருமே எடுக்க மாட்டார்களாம். ஏன் தெரியுமா? குரங்கு பெடல்! பாருக்குள் கால் விட்டு ஓட்டுகிற பொடியனுக்கு முழுச் சுற்று மிதிக்க எட்டாது. அரைச் சுற்று முன்னால், அரைச் சுற்று பின்னால் என்றுதான் ஓட்டுவான். இந்த வண்டியில் பின்னால் விட்டால் நின்றுவிடுமே. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு குட்டிக்கரணம்.

அந்த வண்டியை ஹப் மாற்றிவிட்டார்களாம். பழைய ஹப் பழைய இரும்புக்குப் போனது. அதைச் சொல்லும்போது மட்டும் அப்பா முகம் சரியில்லை.

---

குடியாத்தம்_பேரன் | வைகாசி 2, காலை 6.30

நேற்று போய்வந்துவிட்டேன்.

பாய் அனுப்பிய தோல், பட்டைக் கிளிப், ஸ்பிரிங் வாஷர் எல்லாம் போட்டாயிற்று. போட்ட பிறகு பத்து தடவை வேண்டுமென்றே அழுத்தி நிறுத்திப் பார்த்தேன், கை ஒரு நூலும் அசையவில்லை. ஊர்வலக் கூட்டத்தில் மிதிக்க முடியவில்லை, பாதி நேரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். திரும்பி வரும்போது தெரு காலியாக இருந்தது. வந்ததும் ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான்.

ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நிறுத்தியதும், “பிரேக் சத்தம் எங்கடா?” என்றார். சரியாகிவிட்டது என்றேன். “அந்தச் சத்தம் கேட்டாத்தான் உங்க தாத்தா தெருமுனை திரும்பிட்டார்னு உலை வெப்பேன்” என்றார்.

இப்போது ஒரு மணி வாங்கி மாட்டியிருக்கிறேன்.

---

சோளிங்கர்_சுற்று | வைகாசி 4, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம், புது ஆள். இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன். என்னிடமும் பின்னால் மிதித்தால் நிற்கும் ஹப் ஒன்று இருக்கிறது, ஆனால் பேர் ‘நியூ டிபார்ச்சர்’. அமெரிக்கா என்று போட்டிருக்கிறது. உள்ளே சட்டை இருக்குமா? நாளைக்குப் பிரிக்கலாம் என்று இருக்கிறேன்.

---

பாலாற்று_மணல் | வைகாசி 4, இரவு 9.16

சட்டை இருக்குமா இருக்காதா என்பது எந்த மாடல் என்பதைப் பொறுத்தது. டி மாடல் என்றால் சட்டைக்குப் பதில் வட்டத் தட்டுகளின் அடுக்கு, ஒன்றுவிட்டு ஒன்று அச்சோடும் ஹப்போடும் பூட்டியிருக்கும். இழுத்தவுடன் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்துவிடும், வரிசை மாறினால் சங்கடம். தனி இழை தொடங்குங்கள், நாலு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். அதுவரைக்கும் பிரிக்காதீர்கள்.

---

சோளிங்கர்_சுற்று | வைகாசி 4, இரவு 9.19

ஐயா, அந்த வரிசை மாறினால் ரொம்பச் சங்கடமா?